மொன்சோனையும் ஹாக்லரையும் மோதவிடும் மென்பொருள்: மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில்

வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களைக் கணினியில் மோதவிட்டுப் பார்க்கும் மென்பொருள் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் படம் கிடையாது. வியர்வை தெறிக்கும் கிராபிக்ஸ் கிடையாது, பொத்தானை அழுத்தி நீங்கள் யாரையும் குத்தவும் முடியாது. இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், எத்தனை ரவுண்டு, நடுவர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறீர்கள், தொடங்கு என்று ஒரு தட்டு தட்டுகிறீர்கள், அப்புறம் திரையில் வரி வரியாக எழுத்து ஓடுகிறது, ரேடியோ வர்ணனையை யாரோ தட்டச்சு செய்து அனுப்புவது மாதிரி. அவ்வளவுதான். இதற்காகவா மூன்று மாதமாக இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எண்பதுகளின் மிடில்வெயிட் சாம்பியன் ஹாக்லரும் எழுபதுகளின் சாம்பியன் மொன்சோனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று ஒருமுறையாவது யாருடனாவது தொண்டை வறள வாதாடியவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன், சின்னக் குழு செய்த பொருள், என் ஒருவனின் எரிச்சலை அவர்கள் தலையில் கட்ட விருப்பமில்லை. இந்த வகையில் கிடைப்பவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தத்துவத்தில்தான் ஓடுகின்றன, ஒவ்வொரு பாக்சருக்கும் வேகம், அடி, தாங்கும் சக்தி, தற்காப்பு என்று எண்கள், அந்த எண்களுக்கு நடுவே பகடை. ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும் நான் செய்த சோதனைகளை அதில் செய்து பார்க்கலாம்.

கணினியிடம் கனவுச் சண்டை கேட்பது புதுப் பழக்கமும் இல்லை. 1967இலேயே அமெரிக்காவில் மர்ரி வோரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளர் ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களைக் கணினிக்குள் போட்டு ஒரு போட்டித் தொடரே ஒலிபரப்பினார். அதில் முகமது அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது, அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். அது சமரசத்தில் முடிந்து, 1969இல் அலியும் ராக்கி மார்சியானோவும் கேமரா முன்னால் நின்று குத்துவது மாதிரி நடித்தார்கள், வழுக்கையை மறைக்க மார்சியானோ விக் வைத்துக்கொண்டார். பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்து 1970 ஜனவரியில் திரையரங்குகளில் ஓட்டினார்கள். அமெரிக்காவில் 13வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி. ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி வெற்றி. கணினியே ஊருக்கு ஒரு பேச்சு பேசியிருக்கிறது! படம் வெளிவருவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார், தான் ஜெயித்தது அவருக்குத் தெரியாது.

எடைக்கு மேல்வரம்பே இல்லாத ஹெவிவெயிட்டில் இந்த விளையாட்டு எனக்கு ருசிப்பதில்லை. பெரும்பாலும் 190 பவுண்டைக்கூடத் தொடாத மார்சியானோவை இன்றைய 250 பவுண்டு ஆளோடு நிறுத்தினால் அது சண்டையே இல்லை. மிடில்வெயிட்தான் இதற்குச் சரியான இடம், ஏறக்குறைய நூறு வருடமாக அதே 160 பவுண்டு, அதாவது 72 கிலோவும் கொஞ்சமும். ஆட்களின் அளவு அப்படியே இருக்கிறது, சுற்றியிருக்கும் விதிகள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இந்த மென்பொருளை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதமாகத் தெரிந்துகொண்டதும் அதைத்தான்: ஆளை மாற்றினால் முடிவு மாறுகிறதோ இல்லையோ, விதியை மாற்றினால் மாறிவிடுகிறது.

நடந்த சண்டையைச் சரியாகச் சொல்லாத ஆளிடம் நடக்காத சண்டையைக் கேட்டு என்ன பயன்? அதனால் முதல் வாரம் பழைய சண்டைகளைத்தான் கொடுத்தேன். 1985 ஏப்ரல் 15, ஹாக்லர், தாமஸ் ஹெர்ன்ஸ். நிஜத்தில் மூன்றாவது ரவுண்டிலேயே முடிந்துபோன சண்டை, நெற்றி கிழிந்து ரத்தம் வழிய நின்ற ஹாக்லரிடம் கண் தெரிகிறதா என்று கேட்டதற்கு, என் குத்து எதுவும் குறி தவறுகிறதா என்ன என்று கேட்டாராம். மென்பொருளில் பத்து முறை ஓட்டினேன், ஒன்றுகூடப் பாதி தூரத்தைத் தாண்டவில்லை. ஒருமுறை டாக்டர் வந்து ஹாக்லரின் வெட்டைப் பார்த்துச் சண்டையை நிறுத்தி ஹெர்ன்ஸ் ஜெயித்தார், திட்டிக்கொண்டே பார்த்தாலும் அதுவும் நியாயம்தான் என்று பட்டது, அன்றைக்கு அதற்கு வெகு அருகில் போய்த்தான் திரும்பியது.

அடுத்து 1957, சுகர் ரே ராபின்சன், ஜீன் ஃபுல்மர். ராபின்சனின் அந்த ஒற்றை இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து), குத்துச்சண்டை பார்ப்பவர்கள் எல்லோரும் கண்ணை மூடினாலும் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு குத்து, அதுவரை யாரும் நாக் அவுட் செய்யாத ஃபுல்மர் ஐந்தாவது ரவுண்டில் சாய்ந்தார். மென்பொருளில் அது வரவே மாட்டேன் என்கிறது. முறைத்துக்கொண்டே ஓட்டுகிறேன், ஃபுல்மர் இடித்து இடித்து, ஜட்ஜ்கள் போடும் புள்ளிகளில் ஜெயித்துக்கொண்டே போகிறார். அப்புறம்தான் உறைத்தது. இருவரும் நான்கு முறை மோதியிருக்கிறார்கள், ஃபுல்மருக்கு இரண்டு வெற்றி, ஒன்று டிரா, ராபின்சனுக்கு அந்த ஒன்றுதான். மென்பொருள் நான்கையும் நினைவில் வைத்திருக்கிறது, நான்தான் ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். அங்கே அதன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் அதே ராபின்சனிடம்தான் இந்தப் பொருளின் பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஒவ்வொரு பாக்சருக்கும் வருடம் பிரித்துப் பல பதிப்புகள் கொடுத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் வருடம் எதுவும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் உச்சநிலை என்று ஒருவர் வந்து நிற்கிறார், அந்த ராபின்சன் உலகத்தில் எங்குமே இருந்ததில்லை. வெல்டர்வெயிட்டில் 147 பவுண்டில் ஆடிய காலத்து வேகம், மிடில்வெயிட் காலத்து உடம்பு, இரண்டையும் ஒட்டுப்போட்டுத் தைத்த ஆள். அவர் எல்லோரையும் அடிக்கிறார். ஹாக்லரை, மொன்சோனை, ஹாப்கின்ஸை, வரிசையாக. தொடர் நடத்தினால் ஒவ்வொரு முறையும் கோப்பை அவருக்கே, இரண்டு நாளில் அலுத்துவிடும். நிஜ ராபின்சன் 160 பவுண்டுக்கு வந்தபோது முப்பதைத் தொட்டுவிட்டார். 1951 பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவை 13வது ரவுண்டில் நிறுத்திப் பட்டத்தை வாங்கினார், ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம் தொலைத்தார், செப்டம்பரில் நியூயார்க்கில் திரும்ப வாங்கினார். ஒரே வருடத்தில் மூன்று ராபின்சன்கள். அந்த டர்பின் சண்டைக்கு முன்னால் ஐரோப்பா முழுக்கச் சுற்றி வாரா வாரம் போல ஆடிவிட்டு வந்த களைப்பு எந்த எண்ணில் இருக்கிறது? மென்பொருளில் களைப்பு என்பது ரவுண்டுக்குள் மட்டும்தான். 1952இல் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமோடு ஆடியபோது வெக்கை தாங்காமல் நடுவரே பாதியில் மாற்றப்பட்டு, புள்ளிகளில் முன்னால் இருந்த ராபின்சன் 14வது ரவுண்டுக்கு எழுந்து வர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். வெக்கைக்கு இதில் பொத்தான் இல்லை.

ஆகவே வாங்கினால் முதல் வேலையாக அந்த உச்சநிலைப் பதிப்பை எல்லா பாக்சர்களுக்கும் அணைத்துவிடுங்கள். விளையாட்டே வேறாகிவிடும்.

சரி, ஹாக்லரும் மொன்சோனும். இதற்காகத்தானே வாங்கினேன். கார்லோஸ் மொன்சோன் 1970இல் ரோமில் நினோ பென்வெனுத்தியை 12வது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார், 14 முறை காப்பாற்றினார், 1977இல் பட்டத்தோடேயே ஓய்வு பெற்றார். 1964க்குப் பிறகு யாரிடமும் தோற்கவில்லை. (ரிங்குக்கு வெளியே அந்த ஆளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, 1988இல் துணைவியைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர்.) ஹாக்லர் 1980இல் லண்டனில் ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் முடித்தார், 12 முறை காப்பாற்றினார், 67 சண்டைகளில் கீழே விழுந்ததாகக் கணக்கில் இருப்பது ஒரே ஒரு முறை, அதுவும் வழுக்கியதுதான் என்று அடித்துச் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

15 ரவுண்டு, 1974 மொன்சோன், 1983 ஹாக்லர். திரையில் வந்ததைச் சொல்கிறேன். முதல் நான்கு ரவுண்டும் மொன்சோனின் இடது ஜாப் (கையை நீட்டி நேராக விடும் சின்னக் குத்து), இடது ஜாப், பின்னால் நேராக ஒரு வலது, ஹாக்லர் உள்ளே வரப் பார்க்கும்போதெல்லாம் அரை அடி பின்வாங்கி மறுபடியும் ஜாப். ஐந்தாவதில் ஹாக்லர் நிலையை மாற்றி வலது கைக்காரர் மாதிரி நிற்கிறார் என்று ஒரு வரி வந்தது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், இப்படி ஒன்று இதில் இருக்கிறதென்றே தெரியாது. விலா எலும்புக்கு அடி, விலா எலும்புக்கு அடி. பதினொன்றாவதில் மொன்சோனின் வேகம் பாதியானது. பதினைந்து முடிந்தபோது 143-142 என்ற புள்ளிக் கணக்கில் ஹாக்லர் வெற்றி. கைதட்டினேன், நடுராத்திரி, தனியாக. மறுநாள் அதையே 12 ரவுண்டாக மாற்றி ஓட்டினேன், மொன்சோன் சுலபமாகத் தாண்டிவிட்டார். இன்னும் பல முறை ஓட்டிவிட்டேன், முடிவு அப்படி இப்படி ஆனாலும் போக்கு அதேதான், நீளம் கூடினால் ஹாக்லர், குறைந்தால் மொன்சோன்.

இது மென்பொருளின் கற்பனை என்று தள்ளவும் முடியவில்லை. 1983 நவம்பரில் ஹாக்லரும் ரொபர்ட்டோ டுரானும் ஆடியபோது 13 ரவுண்டு முடிந்த நிலையில் இரண்டு ஜட்ஜ்களின் புள்ளி அட்டையில் டுரான் ஒரு புள்ளி முன்னால், மூன்றாவது அட்டையில் சமம். கடைசி இரண்டு ரவுண்டில்தான் ஹாக்லர் பட்டத்தைப் பிடுங்கி எடுத்தார். 1987இல் சுகர் ரே லெனார்டோடு ஆடும்போது அந்தக் கடைசி மூன்று ரவுண்டு இல்லை. 1982இல் ரே மான்சினியோடு ஆடிய கொரிய பாக்சர் கிம் டுக் கூ அந்தக் காயத்தால் இறந்த பிறகு 15 ரவுண்டுகள் படிப்படியாக 12 ஆகிக்கொண்டிருந்தன, லெனார்ட் தரப்பும் 12தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது, கூடவே பெரிய ரிங், கனமான கையுறை. ஹாக்லர் தரப்பு கூடுதல் பணத்தை வாங்கிக்கொண்டு இதையெல்லாம் விட்டுக்கொடுத்தது. சண்டை மேசையிலேயே பாதி முடிந்துவிட்டது. மென்பொருளில் 15 போட்டுப் பாருங்கள், லெனார்ட் கடைசியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹாக்லர் ரசிகர்களுக்கு இது ஒன்றே போதும்.

இங்கேதான் அடுத்த குறை. இதன் ஜட்ஜ்கள் ரொம்ப நல்லவர்கள். மூன்று அட்டையும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகின்றன. நிஜக் குத்துச்சண்டையில் அப்படியா? ஹாக்லர், லெனார்ட் சண்டையில் ஒருவர் 115-113 ஹாக்லருக்கு, ஒருவர் 115-113 லெனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 லெனார்டுக்கு. 2017இல் கோலோவ்கின், கனெலோ முதல் சண்டையில் அதே 118-110 மறுபடியும் கனெலோவுக்கு வந்தது, நான் பார்த்த வரை கோலோவ்கின் ஜெயித்த சண்டை, டிரா என்று அறிவித்தார்கள். கிறுக்கு ஜட்ஜ் என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் இந்த மென்பொருளுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

எடை விஷயத்திலும் இதே அப்பாவித்தனம். அந்தக் காலத்தில் சண்டை அன்றைக்கே எடை பார்ப்பார்கள், 160 என்றால் ரிங்கில் நிற்பவரும் ஏறக்குறைய 160தான். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள், உடம்பைக் காயப்போட்டு 160க்கு இறக்கிவிட்டு, ஒரு ராத்திரியில் தண்ணீரும் சோறுமாக ஏற்றிக்கொண்டு பத்து பவுண்டுக்கு மேல் கனத்து வருபவர்கள் சாதாரணம். ஸ்டான்லி கெட்செலை இன்றைய ஆளோடு நிறுத்தும்போது அது மிடில்வெயிட் சண்டையா என்பதே சந்தேகம். ஆனால் கெட்செல் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார், 1909இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனோடே போய் நின்று 12வது ரவுண்டில் அவரைக் கீழே தள்ளியவர். எழுந்த ஜான்சன் உடனே கெட்செலைப் படுக்கவைத்துவிட்டார் என்பது வேறு விஷயம். மென்பொருள் கெட்செலுக்குத் தற்காப்பே இல்லை என்கிறது. ஆட்சேபமில்லை.

1920களின் மிடில்வெயிட் சாம்பியன் ஹாரி கிரெப்பைப் பற்றித்தான் எனக்கு ஆட்சேபம். ஏறக்குறைய 300 சண்டை ஆடியவர், அதில் பாதிக்கு மேல் அதிகாரப்பூர்வத் தீர்ப்பே இல்லாமல் மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதியதுதான் தீர்ப்பு. பின்னால் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள், பல வருடம் ஒரு கண்ணில் பார்வை இல்லாமலே ஆடியவர், 1926இல் அறுவை சிகிச்சையின்போது இறந்தார், வயது 32. அவர் சண்டையிட்ட காட்சி ஒரு நிமிடம்கூட நம்மிடம் இல்லை, பயிற்சி செய்யும் படத்துண்டு மட்டும்தான். அப்படியிருக்க, வேகம் 9, தற்காப்பு 7 என்று எண் போட்டது யார், எதைப் பார்த்து? கேட்டு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஆனாலும் மனுஷன் இதிலும் கிரெப்பாகத்தான் இருக்கிறார். நடுவருக்குக் கறார், நடுத்தரம், கண்டுகொள்ளாதவர் என்று மூன்று வகை உண்டு. கறார் நடுவரைப் போட்டால் கட்டை விரலைக் கண்ணில் விட்டது, தலையால் இடித்தது, பிடித்துக்கொண்டே குத்தியது என்று புள்ளி போய்ப் போய்க் கடைசியில் தகுதி நீக்கம். 1920களின் நடுவர் மாதிரி கண்டுகொள்ளாதவரைப் போட்டால் அதே ஆள் ஹாக்லரையே திணறடிக்கிறார். அவருக்குச் சரியான ஜோடி பெர்னார்ட் ஹாப்கின்ஸ்தான், 20 முறை பட்டத்தைக் காத்தவர், ஃபெலிக்ஸ் டிரினிடாடை 12வது ரவுண்டு வரை பிய்த்துப் பிய்த்து நிறுத்தியவர், முழங்கை, தலை, இடுப்பு எதையும் வீணாக்காதவர். கண்டுகொள்ளாத நடுவர், 15 ரவுண்டு. குத்தைத் தவிர எல்லாம் நடக்கிறது.

சின்னச் சின்ன எரிச்சல்கள் இருக்கின்றன. கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்குகிறார் என்ற வரி ஒவ்வொரு சண்டையிலும் நாலு முறை வரும், டர்பினும் அதே கயிறு, கோலோவ்கினும் அதே கயிறு. ஒருமுறை பாதித் தொடரில் நின்றுபோய் 16 பேர் போட்டி முழுவதும் காணாமல் போனது, தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, அதை நாம்தான் தேடிப் போய்ப் போட வேண்டும். பெண் பாக்சர்கள் ஒருவர்கூட இல்லை, 2019இல் கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் மிடில்வெயிட்டின் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்தார், அவரை விட்டுவிட்டு மிடில்வெயிட் வரலாறு என்று விளம்பரம் எதற்கு?

இத்தனைக்கும் பிறகு இதை நான் அழிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் சார்லி பர்லி. 1940களில் அவரோடு ஆட யாரும் வர மாட்டார்கள். பின்னால் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஆர்ச்சி மூரையே 1944இல் தோற்கடித்தவர், தன்னோடு ஆடியவர்களில் பர்லிதான் சிறந்தவர் என்று மூரே சொல்லியிருக்கிறார். உலகப் பட்டத்துக்கு ஒரு வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை. கறுப்பர், ஆபத்தானவர், டிக்கெட் விற்காதவர், மூன்றும் சேர்ந்தால் வாய்ப்பு எங்கிருந்து வரும், அதுவும் சாம்பியன் டோனி ஜேல் கடற்படையில் இருக்க, பட்டம் போர் முடியும்வரை பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த காலத்தில். ராபின்சனோடு அவர் மோதுவது கடைசி வரை நடக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார்.

மென்பொருளில் அவர் இருக்கிறார், நல்ல எண்களோடு. 1944 பர்லி, டோனி ஜேல், உலகப் பட்டம் என்ற கட்டத்தில் டிக், 15 ரவுண்டு. ஜேல் ஆறாவதில் வயிற்றில் ஒன்று இறக்கினார், பர்லி முட்டி போட்டு எட்டு எண்ணும்வரை இருந்து எழுந்தார். அதற்குப் பிறகு ஜேலால் அவரைத் தொடவே முடியவில்லை. மூன்று அட்டையும் பர்லிக்கு. கடைசி வரியில் புதிய உலக சாம்பியன் என்று போட்டுப் பக்கத்தில் பெயர். அந்த ஃபைலை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்துக்கு ஏழு கொடுக்கலாம். குத்துச்சண்டை வரலாறு தெரியாதவர்கள் வாங்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் தூக்கம் வரும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கிரெப்பும் ஹாப்கின்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இந்த முறை கறார் நடுவர். ஏழாவது ரவுண்டு, இரண்டு பேருக்கும் தலா இரண்டு புள்ளி போய்விட்டது.